தேசிய வாசகம்: இல்லை

பெல்ஜியம் எங்கே இருக்கிறது என்று கொட்டாஞ்சேனைச் சந்தியில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் எட்டுப் பேர் தலையைச் சொறிவார்கள். ரஜனி சொறியமாட்டாள். அந்த நாடு 1830இல் அயல்நாட்டிலிருந்து பிரிந்துபோனதும், பிரிந்த சூட்டோடு 'ஒற்றுமையே பலம்' என்று எழுதி வைத்துக்கொண்டதும் அவளுக்குத் தெரியும். அந்த வாசகம் முதலில் ஒரு மொழியில்தான் இருந்தது, மற்ற மொழிக்காரர்கள் தங்கள் மொழியில் அதைப் பார்க்க வெகுகாலம் காத்திருந்தார்கள் என்பதும் தெரியும். பல்கேரியா, பொலிவியா, ஜோர்ஜியா, மலேசியா என்று ஒற்றுமையையும் பலத்தையும் சேர்த்துக் கட்டிய நாடுகளை வரிசையாகச் சொல்லுவாள். ஓ லெவலோடு படிப்பை நிறுத்திய ஒருத்திக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. இனிப்பான கதை இல்லை.

ரஜனிக்கு நாற்பத்துநாலு வயது. கொட்டாஞ்சேனையில் பல் டாக்டரின் கிளினிக்குக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற கடையில் தமிழ் டைப்செட்டிங் செய்கிறாள். கடை ரொஷேல் என்ற கத்தோலிக்கப் பெண்ணுடையது. போட்டோக்கொப்பி, லெமினேட்டிங், கல்யாணக் கார்ட் எல்லாம் உண்டு. ஆனால் கடைக்குச் சோறு போடுவது சாவு வீடுகள்தான். யாழ்ப்பாணத்து ஆட்கள் வீட்டில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு புத்தகம் அடிப்பார்கள். நினைவு மலர் என்று பெயர். முகப்பில் படம், உள்ளே தேவாரம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, கனடாவில் இருக்கும் மகனின் கவிதை, கடைசியில் நாலு தலைமுறைக்கு வம்சாவளி. பத்தொன்பது வருடங்களில் ரஜனி எத்தனை வம்சாவளிக்குக் கோடு போட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. 'அன்னார் எல்லோரிடமும் அன்புடன் பழகும் பண்பாளர்' என்ற வரி கொம்பியூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும். பெயரை மாற்றினால் போதும். மனைவியை அடித்தவனுக்கும் அதே வரிதான்.

அவளுடைய அப்பா அழகர் 2016இல் இறந்தார். மாதம்பிட்டி மயானத்தில் தகனம், பதினாறாம் நாள் கருமாதி, அத்தோடு சரி. மலர் அடிக்கிற வழக்கம் தோட்டத்திலிருந்து வந்த அவர்கள் பக்கம் இல்லை. சுவரில் ஒட்டுவதற்கு ரஜனியே கடையில் ஒரு மரண அறிவித்தல் அடித்தாள். அறுபத்தாறு வருடம் வாழ்ந்த மனிதரின் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் அடுத்த வாரத்து மழையோடு போய்விட்டது. ஊர் அப்பன்மாருக்கெல்லாம் வரலாறு எழுதிக் கொடுக்கிற கை, தன் அப்பனுக்கு ஒரு பக்கம் எழுதவில்லை. இது அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

அருந்ததி டீச்சர் அறிமுகமானதும் ஒரு சாவால்தான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருக்கிற டீச்சர், வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர். 2021இல் கணவர் காலமானபோது மலர் அடிக்க ரொஷேலின் கடைக்கு வந்தார். எல்லோரும் கேட்கிற பண்பாளர் வரியை டீச்சர் வெட்டச் சொன்னார். அவர் அப்படி ஒன்றும் எல்லோரோடும் அன்பாகப் பழகியதில்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ரஜனிக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போனது.

ஆறு மாதம் கழித்து டீச்சர் ஒரு கொப்பியோடு மறுபடி வந்தார். நாற்பது நாடுகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் தேசிய வாசகம். பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் புத்தகமாகப் போடலாம் என்று எண்ணம். கண்ணில் படலம் வளர்ந்துகொண்டிருந்ததால் எழுதவும் தேடவும் முடியவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து உதவ முடியுமா என்று கேட்டார். ரஜனி போனாள். இரண்டரை வருடம் போனாள்.

முதலில் டீச்சர் சொல்ல இவள் தட்டினாள். பிறகு டீச்சர் கேட்க இவள் தேடினாள். கடைசியில், பட்டியல் நூறு நாடுகளைத் தாண்டியபோது, இவளே தேடி, இவளே எழுதி, டீச்சருக்கு வாசித்துக் காட்டினாள். வாசகம் மட்டும் போதாது, அதை யார் எழுதினார்கள், எந்த நேரத்தில், யாரை வெளியே தள்ளி வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது ரஜனியின் எண்ணம். டீச்சர் அதைக் கேட்டு அசந்துபோனார். தென்னாபிரிக்காவின் பக்கத்தை அப்படித்தான் எழுதினாள். 1910இல் நாட்டை ஒன்றாக்கியவர்கள் 'ஒற்றுமையிலிருந்து பலம்' என்று லத்தீனில் பொறித்தார்கள். ஒன்றானவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான். ஊர்க்காரனுக்கு ஒற்றுமையிலும் பங்கு இல்லை, பலத்திலும் பங்கு இல்லை. எல்லாம் மாறி 2000இல் புது வாசகம் வைத்தபோது, பேச ஆளில்லாமல் அழிந்துபோன ஒரு பழங்குடி மொழியில் வைத்தார்கள். பேச ஆள் இல்லாத மொழி என்றால் பொறாமைப்படவும் ஆள் இல்லை. அந்த இடத்தை வாசித்தபோது இருவரும் சிரித்தார்கள்.

கயானாவின் பக்கத்தை எழுதும்போது ரஜனிக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஒரே மக்கள், ஒரே நாடு, ஒரே விதி' என்பது அவர்களின் வாசகம். அங்கே கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோன கப்பல்களில் தமிழ்நாட்டுச் சனமும் இருந்தது. தன் பாட்டனைத் தேயிலைக்கு ஏற்றிவந்த அதே வெள்ளைக்காரன், அதே பொய். அன்றைக்குத்தான் டீச்சரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

அழகர் 1950இல் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அதே வருடத்தில் குடியுரிமைச் சட்டம் வந்து அவருடைய அப்பா அம்மாவை நாடில்லாதவர்கள் ஆக்கியிருந்தது. ஆகவே பிறக்கும்போதே அழகருக்கு நாடு இல்லை. பிறகு இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். அழகர் இந்தியாவின் பங்கில் விழுந்தார். இந்தியக் கடவுச்சீட்டும் கைக்கு வந்தது. புறப்படுவதற்குள் யுத்தம் வந்து இராமேசுவரத்துக் கப்பல் நின்றுவிட்டது. பார்த்தேயிராத ஒரு நாட்டின் கடவுச்சீட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பிறந்த நாட்டில் அந்நியராக, கொழும்பில் மூட்டை தூக்கினார். அடையாள அட்டை கிடையாது. யுத்த காலத்தில் ஒவ்வொரு சுற்றிவளைப்பிலும் "அயிடென்டி கோ?" என்று சிங்களத்தில் அட்டையைக் கேட்டு அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். யாழ்ப்பாணத்துப் பெடியன்களோடு சேர்த்து ஒரே வாங்கில் உட்கார வைப்பார்கள். பெடியன்களுக்காவது அட்டை இருந்தது. விடிந்ததும் யாராவது வந்து அவர்களைப் பொறுப்பெடுத்துப் போவார்கள். அழகருக்கு அவர் பெண்சாதிதான் வரவேண்டும், அவளிடமும் அட்டை கிடையாது. 2003இல் புதுச் சட்டம் வந்து, அடுத்த வருடம் ஐம்பத்துநாலு வயதில் அவர் இந்த நாட்டுக்காரர் ஆனார். மகள் கடையில் சேர்ந்ததும் அந்தச் சான்றிதழை லெமினேட் பண்ணித் தரும்படி அவளிடம் கொடுத்தபோது, இதில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டாராம்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை. அருந்ததி டீச்சர் நல்ல மனுஷி. இந்தக் கதையில் அதுதான் எல்லாவற்றையும்விடக் கசப்பு. ரஜனி வந்தால் தன் தட்டிலிருந்தே எடுத்துக் கொடுப்பார், காய்ச்சல் என்றால் மூன்று தடவை ஃபோன் எடுப்பார். அவர்தான் சொன்னார், இதை எழுதத்தான் வேண்டும் என்று. எங்கள் நாட்டுக்குத் தேசிய வாசகம் என்று ஒன்று சட்டத்தில் இல்லை. வருகிற ஒவ்வொரு அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு ஒற்றுமைச் சுலோகத்தைச் சந்திக்குச் சந்தி போர்டு போட்டு நட்டுவிட்டுப் போகிறதே தவிர, அதிகாரபூர்வமாக எதுவும் கிடையாது. ஆகவே புத்தகத்தின் கடைசி நாடாக இலங்கையை வைத்து, 'தேசிய வாசகம்: இல்லை' என்று போட்டு, ஏன் இல்லை என்பதற்கு அழகரின் வாழ்க்கையை எழுதுவது என்று முடிவானது. நூற்றிருபத்துமூன்றாம் பக்கம். ரஜனி அதைப் பதினொரு தடவை எழுதினாள். முப்பது வரிக்குமேல் பக்கத்தில் இடமில்லை, அப்பாவோ முப்பது வரிக்குள் அடங்கவில்லை.

புத்தகம் முடிகிற தறுவாயில், ரஜனியின் பெயரையும் ஆசிரியராகப் போட வேண்டும் என்று டீச்சர் சொன்னார். அச்சுச் செலவைப் பொறுப்பேற்ற பழைய மாணவர் சங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. சங்கத்தின் தலைவர் தர்மகுலசிங்கம், ஓய்வுபெற்ற என்ஜினியர், மேடையில் நன்றாகப் பேசுவார் என்று வெள்ளவத்தை முழுக்கப் பெயர். டைப் அடித்த பிள்ளைக்கு ஆசிரியர் அந்தஸ்துக் கொடுத்தால் நூலின் தரம் என்னாவது என்று அவர் கேட்டாராம். டீச்சர் வந்து சங்கடப்பட்டார். ரஜனி பேரம் பேசவில்லை. பெயர் வேண்டாம், அப்பாவின் பக்கம் இருந்தால் போதும் என்றாள். அன்று அவள் கேட்டது அது ஒன்றைத்தான். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அது இருக்கும் என்று சொன்னார்.

ரொஷேல் இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டரை வருடம் ஓசியில் உழைத்துவிட்டு ஒரு பக்கத்துக்கு விற்றுவிட்டு வந்திருக்கிறாயே, உன்னைப் போல ஒரு மடச்சியை நான் கண்டதில்லை என்று ஏசினாள். ரஜனி சிரித்துக்கொண்டாள். அவளுக்கு அது நல்ல வியாபாரமாகத்தான் பட்டது.

அச்சுக்குப் போக எட்டு நாள் இருக்கும்போது தர்மகுலசிங்கம் முழுப் புத்தகத்தையும் வாசித்தார். மறுநாள் சனிக்கிழமை ரஜனி போனபோது அவர் டீச்சரின் ஹோலில் உட்கார்ந்திருந்தார். நூற்றிருபத்துமூன்றாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. தோட்டத்து மக்களைப் பாதித்த சட்டங்களில் ஒன்றுக்கு வடக்கிலிருந்து பாராளுமன்றம் போன தமிழர் சிலரும் ஆதரவாக வாக்களித்தார்கள் என்ற வரி. பொய்யா என்று ரஜனி கேட்டாள். பொய் என்று அவர் சொல்லவில்லை. அது பழைய கதை, இப்போது கிளறினால் மற்றவன் சிரிப்பான் என்றார். சரி, அந்த ஒரு வரியை எடுத்துவிடுகிறேன் என்றாள் ரஜனி. அதற்கே அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அவர் போதாது என்று தலையாட்டினார். வரி இல்லாவிட்டாலும் வாசிக்கிறவனுக்கு அந்தக் கேள்வி வரும் என்றார். கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை.

"பிள்ளை, நான் உங்கட அப்பாவைக் குறைச்சுச் சொல்லேல்லை," என்றார். "ஆனா இப்ப எங்கட ஆக்கள் ஒற்றுமையா நிக்க வேண்டிய நேரம். இது நாங்கள் ரெண்டு பகுதி எண்டு காட்டிக் குடுக்கிற மாதிரி இருக்கு."

ஒற்றுமையைப் பற்றி நூற்றிருபத்தெட்டுப் பக்கம் எழுதியவள் திரும்பி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கம் கை விரித்தால் புத்தகம் இல்லை, எழுபத்திரண்டு வயதில் கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. வேறு யார் அச்சடிப்பார்கள்? ரஜனிக்கு அதுவும் விளங்கியது. விளங்கித் தொலைப்பதுதான் அவளுடைய வியாதி.

புத்தகத் தொழிலில் ஒரு பக்கத்தைச் சும்மா பிடுங்கி எறிய முடியாது. பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சில் ஏற்றுவார்கள். நூற்றிருபத்தெட்டு என்றால் எட்டுத் தாள். ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தாக வேண்டும். கனடாக் கிளையின் வாழ்த்துச் செய்தியைப் போடலாம் என்றார் தர்மகுலசிங்கம். டீச்சருக்கு அங்கேதான் ரோசம் வந்தது. நாட்டின் பெயரும் 'தேசிய வாசகம்: இல்லை' என்ற வரியும் அப்படியே இருக்கட்டும், மிச்சம் வெறுமையாகக் கிடக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். தர்மகுலசிங்கம் போன பிறகு டீச்சர் ரஜனியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இரண்டாம் பதிப்பில கட்டாயம் போடுவம், ரஜனி. நான் உயிரோட இருந்தா நானே நிண்டு போடுவிப்பன்."

இலங்கையில் தமிழ்ப் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு எத்தனை தடவை வந்திருக்கிறது என்று ரொஷேலின் கடையில் பத்தொன்பது வருடம் இருந்தவளுக்குத் தெரியாதா? முந்நூறு அடிப்பார்கள். வெளியீட்டு விழாவில் நூறு போகும். மிச்சம் கட்டிலுக்குக் கீழே தூசி குடிக்கும். ரஜனி தலையாட்டிவிட்டுக் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முப்பது வரியையும் அவளேதான் அழித்தாள். வேறு யாரையும் அதில் கைவைக்க அவள் விடவில்லை. ஒரு கணத்தில் போய்விட்டது. அறுபத்தாறு வருடத்தை அழிக்க ஒரு விரல் போதுமாக இருந்தது.

அன்றைக்கே உறவை முறித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று ரொஷேல் இன்றைக்கும் சொல்லுவாள். ரஜனி வரவில்லை. புரூஃப் பார்த்தாள், அட்டையைச் சரி பண்ணினாள், அச்சகத்துக்கு நடையாய் நடந்தாள். வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழும் அவள்தான் அடித்தாள். ஏமாந்தவள் என்று சொல்லலாம். ஆனால் மற்ற நூற்றிருபத்தேழு பக்கமும் அவள் பெற்ற பிள்ளைதானே, நடுத்தெருவில் விட்டுவிட்டு வர மனம் வருமா?

விழா போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நாலரைக்கு என்று கார்டில் போட்டதால் ஐந்தரைக்குத் தொடங்கியது. மங்கள விளக்கு, தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை. ஒற்றுமையைப் பற்றி நாலு பேர் பேசினார்கள், எந்த வரிசையில் பேசுவது என்பதில் அதில் இரண்டு பேருக்கு மனத்தாங்கல். முதற் பிரதியை ஒரு நகைக்கடை முதலாளி பணம் வைத்த கடித உறையைக் கொடுத்து வாங்கினார். பிறகு சிறப்புப் பிரதிகள், பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடைக்குப் போய், பிரதியைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்று இறங்கினார்கள். ரஜனி நாலாவது வரிசையில் இருந்தாள். பக்கத்துக் கதிரையில் இருந்த வயதான அம்மா தன் பெயர் பத்மாவதி என்று சொல்லி, நீங்கள் எவ்விடம் என்று கேட்டார். ஹற்றன் என்றதும் ஆ, நல்ல குளிர் என்ன என்றார். தன் மகனை 2009இல் வவுனியாவில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள், இன்னும் தேடுகிறேன் என்று, பஸ் எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லுவதுபோலச் சொன்னார். அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன குரல்.

நயப்புரைக்குத் தர்மகுலசிங்கம் எழும்பினார். பெல்ஜியத்தைத் தொட்டார், தென்னாபிரிக்காவைத் தொட்டார். ரஜனி எழுதிய வரிகளை 'அருந்ததி ரீச்சரின் கூர்மை' என்று மெச்சினார். அதற்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். பிறகு அவர் புத்தகத்தை விரித்து, சபையைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். நூற்றிருபத்துமூன்றாம் பக்கம்.

இந்த நூலின் உச்சம் இந்த வெறும் பக்கம்தான் என்றார். ஒரு நாட்டின் பெயரைப் போட்டு, வாசகம் இல்லை என்று எழுதி, மிச்சத்தை வெறுமையாக விட்டிருக்கிறார் ரீச்சர். இந்த வெள்ளைத் தாளில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். முள்ளிவாய்க்காலில் விட்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். கொண்டுபோய்த் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். எந்தச் சொல்லும் இதைச் சொல்ல முடியாது என்றுதான் ரீச்சர் சொல்லே இல்லாமல் சொல்லியிருக்கிறார். பேசப்பேச அவருக்கே குரல் உடைந்தது. இதை வெட்டச் சொன்னதே தான்தான் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா இல்லையா என்பது தெரியாது. அவர் நடித்தார் என்று சொன்னால் ரஜனிக்கு மனம் ஆறும். ஆனால் அவர் நடிக்கவில்லை. அவருடைய தம்பியும் திரும்பி வராதவர்தான்.

முன் வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடையில் டீச்சர் தலைகுனிந்து, இரண்டு கையையும் கூப்பியபடி இருந்தார். இல்லை, அது அப்படி இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடம் போனது.

ரஜனிக்கு உச்சந்தலை வரை கொதித்தது. அப்பாவுக்கு நாடு கொடுக்காதவன் ஒருவன், பக்கத்தைப் பறித்தவன் இன்னொருவன், இப்போது பறித்த இடத்தில் குடிபுகுந்து விளக்கும் ஏற்றுகிறார்கள். அவர் தூக்கிய மூட்டைக்குத்தான் கூலி குறைத்தார்கள் என்றால் அவர் இல்லாத இடத்துக்கும் வேறு ஆள் வாடகை வாங்குகிறான். அந்த நேரம் பார்த்து, கணினி வடிவமைப்புச் செய்த செல்வி ரஜனி சிறப்புப் பிரதியைப் பெற்றுக்கொள்ளுமாறு அழைக்கப்படுகிறார் என்று அறிவிப்பாளர் வாசித்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆனவளைச் செல்வி ஆக்கியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. எழுந்து போனாள். பிரதியை வாங்கினாள். இறங்காமல் நேரே மைக்கிடம் போய், ரெண்டு வார்த்தை சொல்லணும் என்றாள். அறிவிப்பாளர் தர்மகுலசிங்கத்தைப் பார்த்தார். அவர் பெருந்தன்மையாகக் கையை அசைத்தார்.

சொல்ல வேண்டியது அவளிடம் தயாராக இருந்தது. இந்தப் பக்கம் வெறுமையாக எழுதப்பட்டதில்லை, இதில் முப்பது வரி இருந்தது, அழகர் என்ற ஒரு மனிதர் இருந்தார், ஒற்றுமைக்காக அவரை எடுத்துவிட்டார்கள். இவ்வளவுதான். அரை நிமிடத்துக்குமேல் ஆகாது.

நிமிர்ந்து சபையைப் பார்த்தாள். நாலாவது வரிசையில் பத்மாவதி அம்மா அந்தப் பக்கத்தை மடியில் விரித்து வைத்து, தாளின்மேல் உள்ளங்கையைப் பதித்து, பிள்ளையின் முதுகைத் தடவுவதுபோல மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். பதினைந்து வருடத்தில் யாரும் அவருக்கு ஒரு அங்குல இடம் கொடுக்கவில்லை. இன்றைக்குத்தான் ஒரு பக்கம் கிடைத்திருக்கிறது.

இது உங்கள் மகனின் இடமில்லை, எங்கள் அப்பாவின் இடம், கையை எடுங்கள் என்று அந்த மனுஷியிடம் எப்படிச் சொல்லுவது? சொல்லித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது, நல்லவேளை சொல்லவில்லை என்று மறுநாள் தோன்றுகிறது. அன்று ரஜனி மைக்கில் எல்லோருக்கும் நன்றி என்றாள். கை தட்டினார்கள். இறங்கி வந்து, தன் கதிரைக்குப் போகாமல் சுவரோரமாக நின்றாள். அழுகை வரவில்லை.

விழா முடிந்ததும் றோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். சனம் டீச்சரை மொய்த்துக்கொண்டது. ஒவ்வொருவரும் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் பேசினார்கள். கடைசியில் கூட்டம் விலக, டீச்சர் ரஜனியைக் கண்டு கையைப் பிடித்தார். அவருடைய முகம் சிவந்திருந்தது. இவ்வளவு பாராட்டை அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை.

"பாத்தியே பிள்ளை, எத்தினை பேரின்ர நெஞ்சில போய்ச் சேந்திருக்கு. கனடாவில இரண்டாம் பதிப்பு அடிக்கப் போகினமாம், உண்மையாத்தான். அதிலயும் இந்தப் பக்கத்தை இப்பிடியே விடச் சொல்லி எல்லாரும் கேக்கினம். விடுவம் என்ன?"

ரஜனி கையை இழுத்துக்கொள்ளவில்லை. டீச்சரின் கண்ணைப் பார்த்தாள். படலம் படர்ந்த அந்தக் கண்ணில் அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"அது எங்க அப்பா இருந்த பக்கம், டீச்சர்."

"எல்லாற்ற அப்பாக்களும் பிள்ளையளும்தான் அதில இருக்கினம், அம்மா. உன்ர அப்பாவும் இருக்கிறார்தானே. நாங்கள் எல்லாரும் ஒண்டுதானே."

"அவரு பேரு தெரிஞ்சவங்க இந்த மண்டபத்துல ரெண்டே பேருதான் டீச்சர். நீங்களும் நானும்."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குழுப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். ஆசிரியர், சங்கத்தார், உழைத்தவர்கள் எல்லோரும் மேடைக்கு வரவேண்டும், ரஜனியும் வரவேண்டும் என்று தர்மகுலசிங்கமே மைக்கில் சொன்னார். டீச்சர் அவளைக் கையோடு கூட்டிப்போகப் பார்த்தார். ரஜனி அந்தக் கையை மெல்ல விடுவித்தாள். எல்லோரும் இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்கோ, இடைவெளி தெரியுது என்று கமெராக்காரர் சொல்ல, ஒட்டி நின்றார்கள். அவள் தன் பிரதியை வாசலில் இருந்த விற்பனை மேசையில் திருப்பி வைத்துவிட்டுக் பஸ் ஓடும் காலி வீதிக்குப் போனாள்.